காண்பவர் யார், காணப்படுபவர் யார்?

கன்னியாகுமரிக்கு அருகேயுள்ள கொட்டாரத்தைச் சுற்றிலும் ஐந்தாறு மைல் வட்டத்துக்குள், ஒரு சாதியார் இன்னொரு சாதியாரை நெருங்குவதும், சில வேளைகளில் கண்ணில் படுவதுங்கூடத் தீட்டென்று விதித்து வைத்திருந்த பழைய திருவிதாங்கூர் ராஜ்யத்தின் அடையாளங்களும், அந்த விதியை எதிர்த்து நின்று பாடுபட்டவர்களின் அடையாளங்களும் அடுத்தடுத்தே இருக்கின்றன. வடமேற்கே சுசீந்திரம், தாணுமாலயன் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் கால் வைப்பதற்கே அனுமதியில்லாதிருந்த ஜனங்களுக்காக 1926-லும், பிறகு 1930-லும், டாக்டர் எம். இ. நாயுடு முதலானோர் முன்னின்று சத்தியாக்கிரகம் நடத்திய ஊர். அதன்பின் 1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்த பிறகுதான், கோபுரத்தை எட்ட நின்று கும்பிட்டுப் போன தலைமுறையின் பிள்ளைகள் கருவறைத் தீபத்தைக் கண்ணாரக் கண்டார்கள். இங்கே நடந்த போராட்டங்கள் எல்லாவற்றிலும் சோற்றுக்கும் கூலிக்கும் சமமாக இன்னொன்றும் கோரப்பட்டது: மனிதர் கண் முன்னால் மனிதராக நிற்கும் உரிமை.

சுசீந்திரத்துக்கும் கொட்டாரத்துக்கும் இடையே, பெருஞ்சாலையிலிருந்து சற்றே விலகி, சாமித்தோப்பு இருக்கிறது. 1809-ல் அங்கே பிறந்த ஒரு குழந்தைக்குப் பெற்றோர் முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள் என்றும், தாழ்ந்த குலத்தில் பிறந்த பிள்ளைக்கு அப்படியொரு நாமம் தகாதென்று மேல்சாதியார் ஆட்சேபித்ததனால் அது முத்துக்குட்டி என்று மாற்றப்பட்டது என்றும் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். அந்தப் பிள்ளையே பின்னாளில் அய்யா வைகுண்டர் ஆனார். தலைப்பாகை கட்டுவதும், முழங்காலுக்குக் கீழே வேட்டி தழைய உடுத்துவதும், பெண்கள் மார்பை மறைப்பதும் குற்றமாகக் கருதப்பட்ட நாட்களில், தம்மிடம் வந்த ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபடச் சொன்னவர் அவர். எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீரெடுக்கவும், ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடவும் செய்தவர். ராஜாங்கம் அவரைத் திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்துப் பார்த்தது. அவர் 1851-ல் மறைந்து எட்டு ஆண்டு கழித்து, 1859 ஜூலை 26 அன்று, நாடார் பெண்கள் மேலாடை அணியலாமென்ற அரச உத்தரவு வந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல் அணியலாகாது என்றொரு நிபந்தனை இருந்தது.

வைகுண்டரின் வழிபாட்டுத் தலமான சாமித்தோப்புப் பதியின் பள்ளியறையில் நிற்கிற நிலைக்கண்ணாடியை எங்கள் நாஞ்சில் நாட்டில் பார்க்காதவர் குறைவு. இரு புறமும் விளக்கு எரிய, தலைப்பாகையோடு போய் நிற்கிற பக்தன் அங்கே விக்கிரகத்தைக் காண்பதில்லை. தன் முகத்தைத்தான் காண்கிறான். பிறர் பார்க்கவே கூசின அந்த முகத்தை, பிறருடைய உத்தரவுக்குக் காத்திராமல், தானே நிமிர்ந்து பார்த்துத் தெய்வத்தின் ஸ்தானத்தில் வைத்துக்கொள்ளுமாறு ஒரு ஜன சமூகத்துக்குக் கற்பித்த செயலுக்கு ஈடாக நவீன கலையின் சரித்திரத்தில் எதைச் சொல்வதென்று நான் பலமுறை யோசித்ததுண்டு. கொட்டாரத்திலிருந்து பார்த்தால் தெரிகிற மருந்துவாழ்மலையின் குகையில் தவம் இருந்த நாராயண குருவும் 1927-ல் சேர்த்தலையை அடுத்த களவங்கோட்டில் கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தார். களவங்கோட்டிலிருந்து வடக்கே சிறிது தூரம் போனால் கொச்சி. இரண்டாண்டுக்கொரு முறை நடக்கும் சமகாலக் கலைவிழாக்களில் இந்தியாவிலேயே பிரசித்தமான கொச்சி முசிறி பினாலே நடக்கிற ஊர். ஒதுக்கப்பட்டவர்களின் முகங்களை உலகத்தின் பார்வைக்குக் கொண்டுவருகிறது என்று புகழ் பெற்ற அந்த விழாவைப் பற்றி நாஞ்சில் நாட்டிலிருந்து பேசுகிறவனுக்கு இந்தக் கண்ணாடிகளை மறந்துவிட்டுப் பேசுவது சாத்தியமில்லை.

போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்னும் இரு ஓவியர்களின் முயற்சியால் 2012 டிசம்பர் 12 அன்று அந்த விழா முதன்முதலாகத் தொடங்கிற்று. சங்கப் புலவர்கள் பாடிய முசிறித் துறையின் பெயரைத் தாங்கியிருந்தாலும், அதன் பிரதான அரங்கமாக அமைந்தது கோட்டைக் கொச்சியின் கடலோரத்தில் நிற்கும் ஆஸ்பின்வால் ஹவுஸ் என்ற பழைய வியாபாரக் கட்டடம். 1867-ல் ஆங்கிலேய வர்த்தகர் ஒருவர் நிறுவிய கம்பெனி மிளகும், மஞ்சளும், இஞ்சியும், தேங்காயெண்ணெயும், பின்னாளில் கயிறும், தேயிலையும், ரப்பரும் சேர்த்துக் கப்பலேற்றிய கிடங்குகள் அவை. மூட்டை சுமந்த முதுகுகளின் வியர்வை உப்பு ஊறிய அந்தச் சுவர்களில், ஏடுகளில் பெயர் எழுதப்படாத மனிதர்களைப் பற்றிய படைப்புகள் மாட்டப்படுவது, டெல்லியிலோ பம்பாயிலோ குளிரூட்டிய காட்சிக்கூடத்தில் மாட்டப்படுவதைக் காட்டிலும் பொருத்தமாகவே இருக்கிறது. பார்க்க வருகிறவர்களிலும் மீன் வலைக்காரர், பள்ளிப் பிள்ளைகள், கன்னியாஸ்திரீகள், ஆட்டோ ஓட்டுநர் என்று எல்லாத் தரத்தாரும் உண்டு. மக்களின் பினாலே என்று கேரளத்தார் அதை அழைப்பதில் நியாயம் இருக்கிறது.

முதல் விழாவிலேயே கே. பி. ரெஜி வரைந்து வைத்திருந்த ‘தூம்பிங்கல் சாத்தன்’ என்ற பெரிய எண்ணெய் வண்ணச் சித்திரத்தை இங்கே விசேஷமாகக் குறிப்பிட வேண்டும். வரப்பு உடைந்து வயலெல்லாம் வெள்ளக்காடாகப் போகிற சமயத்தில், வேறு வழியில்லாமல், தன் உடம்பையே உடைப்பில் கொடுத்து அடைத்து மாண்டுபோன புலையர் குலத்து உழைப்பாளி சாத்தனைப் பற்றிய நாட்டார் கதை அதற்கு ஆதாரம். வயல் யாருடையது, அறுத்த நெல் யார் பத்தாயத்துக்குப் போயிற்று என்று கேட்டால் சாத்தனுக்கு அதில் ஒரு மணியும் சொந்தமில்லை. இரு பூவும் நெல் விளைந்த நமது நாஞ்சில் நாட்டிலும் குளத்தங்கரையும், மடையும், வரப்பும் யார் கைகளால் நின்றன என்பதை அறிந்தவர்களுக்கு அந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது. புராண புருஷர்களை ரவிவர்மா வரைந்த அளவிலும் ஆடம்பரத்திலும் சாத்தனை வரைய ஓர் ஓவியர் துணிந்தார் என்பதும், அதைப் பார்க்க லட்சக்கணக்கானோர் வந்துபோகும் ஓரிடம் கிடைத்தது என்பதும் சிறிய காரியங்கள் அல்ல.

ஆயினும் அந்த விழாவின் உன்னதமான சந்தர்ப்பம் 2018-ல்தான் வாய்த்தது என்பது என் அபிப்பிராயம். அந்த ஆண்டின் பெருவெள்ளம் வடிந்து நான்கு மாதம்கூட ஆகாத நிலையில் தொடங்கிய அந்தப் பதிப்புக்குப் பொறுப்பேற்ற அனிதா துபே, கொச்சி விழாவின் முதல் பெண் தொகுப்பாளர். அந்நியப்படாத ஒரு வாழ்க்கைக்கான சாத்தியங்கள் என்பதையே தம் பொருளாக எடுத்துக்கொண்டார். பங்கேற்றவர்களில் பெண்களே மிகுதியாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார். கல்கத்தாவில் ஆட்டோ ஓட்டிப் பிழைத்துக்கொண்டிருந்த பாபி தாஸ் தன் வண்டியிலிருந்து கண்ட நகரத்தை ஊசியும் நூலும் கொண்டு துணியில் தைத்து வைத்திருந்தார். திருநங்கையர் தாமே தூரிகை பிடித்துச் சுவரோவியம் தீட்டுகிற அரவாணி கலைத் திட்டத்தார் வந்திருந்தனர். கறுப்பினத்துப் பால்புதுமையரைப் புகைப்படம் எடுப்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்ட தென்னாப்பிரிக்கர் ஸனெலே முஹோலியின் படங்கள் இருந்தன. கோண்டுப் பழங்குடி ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் இருந்தனர்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக என் மனத்தைக் கவர்ந்தது ஒரு சமையற்கூடம். விபின் தனுர்தரன் என்ற இளைஞர், சித்திரமோ சிற்பமோ வைப்பதற்குப் பதிலாக, அடுப்பு மூட்டி, மேசை போட்டு, வருகிறவர் எவராயினும் சமைக்கலாம், எவராயினும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று ஏற்பாடு செய்து, அதற்குச் சகோதரர் என்ற பொருளில் பெயரும் வைத்தார். கொச்சிக்கு எதிரேயுள்ள வைப்பின் தீவில், செறாயி என்னும் ஊரில், 1917-ல் சகோதரன் அய்யப்பன் ஈழவரையும் புலையரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்து மிச்ரபோஜனம் நடத்திச் சொந்தச் சாதியாராலேயே தூற்றப்பட்ட வரலாற்றை நினைவில் வைத்துச் செய்தது அது. சாமித்தோப்புச் சமபந்திக்கும் செறாயிப் பந்திக்கும் இடையே எண்பது ஆண்டு. செறாயிக்கும் இந்தச் சமையற்கூடத்துக்கும் இடையே நூறு ஆண்டு. விருந்து பரிமாறப்பட்ட அந்த மேசையில் ஒதுக்கப்பட்டவன் பார்க்கத்தக்க ஒரு பொருளாக நிறுத்தப்படவில்லை. இலைக்கு முன் உட்கார்ந்தான், பரிமாறினான், பக்கத்தில் உட்கார்ந்தவனோடு பேசினான். பார்க்க வந்தவனுக்கும் பார்க்கப்படுகிறவனுக்கும் இடையே வழக்கமாக ஓடுகிற கோடு அங்கே இல்லாமற் போயிற்று. காட்சிக்கு வருவதும் கண்ணியம் பெறுவதும் ஒன்றென்று நினைப்பவர்கள் இந்த வித்தியாசத்தை ஆழ்ந்து யோசிக்க வேண்டும்.

ஏனெனில், காட்டப்படுவது என்பது எப்போதுமே கௌரவம் ஆகிவிடுவதில்லை. ஐரோப்பிய நகரங்களில் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் நடந்த பொருட்காட்சிகளில் ஆப்பிரிக்கரையும் ஆசியரையும் வேலிக்குள் குடிசை கட்டி இருத்திக் கட்டணம் வாங்கிக் காட்டினார்கள்; அவர்களும் லட்சக்கணக்கானோர் கண்ணில் பட்டவர்கள்தாம். ஏழ்மையையும் இழிவையும் அழகாகப் படம் பிடித்துச் சுவரில் மாட்டி, குளிர்ந்த பானத்தைக் கையில் ஏந்தியபடி நின்று பெருமூச்சு விடுகிற ரசனை அதற்கு வெகு தூரத்தில் இல்லை என்று அஞ்சுகிறேன். ஒருவனுடைய வேதனை இன்னொருவனுடைய அனுதாபத்துக்குத் தீனியாகும்போது, அனுதாபம் கொண்டவன் சற்று உயர்ந்துவிட்டதாக எண்ணிக்கொண்டு வீடு திரும்புகிறான். வேதனைப்பட்டவனோ இருந்த இடத்திலேயே இருக்கிறான்.

1895 முதல் நடந்துவருகிற வெனிஸ் நகரத்து விழா, எல்லாப் பினாலேக்களுக்கும் தாய். நெடுங்காலம் ஐரோப்பியப் பிரபுக்களின் கூடமாகவே இருந்த அங்கே 2024-ல் ஆஸ்திரேலியாவின் பழங்குடி வழிவந்த ஆர்ச்சி மூர், கறுப்பு வண்ணம் பூசிய சுவர்களிலும் கூரையிலும் வெறும் வெள்ளைச் சுண்ணக்கட்டியால் தம் வம்சாவளியை எழுதினார். அறுபத்தையாயிரம் ஆண்டுகளையும், இரண்டாயிரத்து நானூறுக்கு மேற்பட்ட தலைமுறைகளையும் தழுவி விரிந்த அந்தக் கொடிவழியில், கொள்ளைநோயாலும் படுகொலையாலும் அற்றுப்போன கிளைகளின் இடத்தில் எழுத்தில்லாத கறுப்பு வெற்றிடங்களை விட்டார். கூடத்தின் நடுவே, நீர் தேங்கிய தடாகத்தின் மீது, காவலில் மாண்ட பழங்குடியினரைப் பற்றிய சர்க்கார் விசாரணை ஆவணங்களைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்தார். அந்தப் படைப்புக்குத் தங்கச் சிங்கப் பரிசு கிடைத்தது. பரிசைக் காட்டிலும் நான் மதிப்பது வேறொன்று. அவர் தம் ஜனங்களின் துயரத்தை வருணிக்கவில்லை. தாமே கணக்கு எழுதினார். ஆளுகிறவர்களின் காகிதங்களையே சாட்சியாக நிறுத்தி, பார்க்க வந்தவர்களைப் பதில் சொல்ல வேண்டியவர்களாக்கினார்.

நம் தமிழ்நாட்டிலும் அத்தகைய கண்ணுடையவர்கள் தோன்றியிருக்கிறார்கள். மதுரை ஜவகர்லால்புரத்தில், மீன் விற்ற தாயின் மகனாகப் பிறந்த எம். பழனிக்குமார், திவ்யபாரதி இயக்கிய ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளராகப் பணியாற்றியவர். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்து 2013-ல் சட்டம் இயற்றப்பட்ட பிறகும் சாக்கடைக் குழிக்குள் இறங்கி மூச்சுத் திணறிச் செத்தவர்களின் வீடுகளுக்குப் போய், அந்தக் குடும்பத்தாரோடு இருந்து அவர் எடுத்த படங்களைப் பார்க்கிறவர்கள், ஒரு வெளியாள் எட்டிப் பார்த்து எடுத்ததென்று ஒருகாலும் சொல்ல மாட்டார்கள். தம்மோடு இந்தப் பணி நின்றுவிடலாகாதென்று வடசென்னைப் பிள்ளைகளின் கையில் கேமராவைக் கொடுத்துக் கற்பித்து, அவர்கள் எடுத்த படங்களையும் காட்சிக்கு வைத்தார் அவர். தன் தெருவைத் தானே படமெடுக்கிற ஒரு சிறுமி, வெளியூர்க் கலைஞன் ஒருவன் அங்கே வந்து போவதால் விளையாத ஒன்றை அந்தத் தெருவுக்குத் தருகிறாள். சென்னையில் நடக்கும் புகைப்படப் பினாலேயும், நீலம் பண்பாட்டு மையம் நடத்துகிற வானம் கலைத் திருவிழாவும் இத்தகைய கைகளுக்கு இடம் கொடுத்துவருவது பாராட்டத்தக்கது. வானம் விழாவில் ஒரு விசேஷம் உண்டு: அதை நடத்துகிறவர்களே, எவருடைய வரலாறு அங்கே பேசப்படுகிறதோ அவர்களாக இருக்கிறார்கள்.

கொச்சி விழாவைப் பற்றி நான் வருத்தத்தோடு சொல்ல வேண்டிய விஷயம் இங்கேதான் வருகிறது. 2018-ஆம் ஆண்டுப் பதிப்பு முடிந்தபின், அரங்கங்களைக் கட்டிக்கொடுத்தவர்களும் அவர்களிடம் வேலை பார்த்தவர்களும் தங்களுக்குச் சேர வேண்டிய தொகை வந்து சேரவில்லையென்று பகிரங்கமாக முறையிட்டார்கள். கணக்கில் தகராறு இருப்பதாக விழா அறக்கட்டளை பதில் சொல்லிற்று. அந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூற எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் உழைப்பவனின் மாண்பைப் பொருளாகக் கொண்ட ஒரு விழாவின் வாசலில் கூலிப் பாக்கி என்ற சொல் எழுந்ததே பெருந்துக்கம். 2022-ல் டிசம்பர் 12 அன்று தொடங்கியிருக்க வேண்டிய பதிப்பு, கலைஞர்கள் வந்து இறங்கிய பிறகு 23-ஆம் தேதிக்குத் தள்ளிப்போடப்பட்டதும், ஏற்பாடுகளின் குறைகளைக் கண்டித்துக் கலைஞர்களே சேர்ந்து கடிதம் எழுதியதும் அனைவரும் அறிந்தவை. பணமுடையாலும் அரங்கங்கள் கிடைக்காமையாலும் நேர்ந்த சங்கடங்கள் அவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நிகில் சோப்ரா தொகுத்து 2025 டிசம்பரில் தொடங்கிய ஆறாம் பதிப்புவரை அந்த விழா உயிரோடு வந்திருப்பதே ஒரு சாதனை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், சுவரில் மாட்டிய சாத்தனுக்கு நாம் செலுத்துகிற மரியாதை, அந்தச் சுவருக்கு வெள்ளையடித்தவனுடைய கூலியில் தொடங்கவேண்டும்.

எந்தப் படைப்பு உள்ளே வரலாம் என்று தீர்மானிக்கிற நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது அடுத்த கேள்வி. ஆறு பதிப்புகளின் பிரதானத் தொகுப்பாளர்களும் சர்வதேசக் கலை உலகத்தில் முன்பே பெயர் பெற்றவர்கள். அவர்களுடைய ஆற்றலைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. எனினும் அந்த உலகத்துக்குள் நுழைவதற்கே ஆங்கிலமும், வெளிநாட்டுப் பயணமும், செல்வாக்குள்ளவர்களின் பரிச்சயமும் வேண்டியிருப்பதால், ஒதுக்கப்பட்டவன் அநேகமாக அழைக்கப்படுகிறவனாகவே நின்றுவிடுகிறான், அழைக்கிறவனாக ஆவதில்லை. 2014 முதல் அந்த விழாவோடு சேர்ந்து நடக்கிற மாணவர் பினாலே, அரசாங்கக் கலைக்கல்லூரிகளின் ஏழைப் பிள்ளைகளையும் அழைத்து வந்து காட்சிக்கு இடமளிப்பது இந்தக் குறைக்கு ஒரு நல்ல மருந்து. அதில் தேறிவருகிறவர்களிடத்தில் ஒரு நாள் விழா முழுவதையும் ஒப்படைக்கிற துணிவு பிறக்கவேண்டும்.

கொச்சியை நோக்கிக் கேட்ட இந்தக் கேள்விகளை நாஞ்சில் நாட்டை நோக்கியும் கேட்பதுதான் நேர்மை. பங்குனியிலும் சித்திரையிலும் கொட்டாரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் சுடலைமாடனுக்கும் இசக்கியம்மனுக்கும் கொடை விழா நடக்கிறது. வில்லுப்பாட்டு ஒருபுறம் இருக்க, கணியான் கூத்தும் பல இடங்களில் உண்டு. பழங்குடிப் பட்டியலில் இடம்பெற்ற சிறிய சமூகத்தார் கணியான்கள். அவர்கள் இல்லாமல் சுடலையின் கொடை நிறைவதில்லை. நள்ளிரவில், உச்சம் ஒன்றும் மந்தம் ஒன்றுமாக மகுடம் என்னும் தோற்கருவி இரண்டைத் தீயில் காட்டித் தோலை விறைப்பாக்கி, தலைமைப் பாடகரான அண்ணாவி கதையை எடுக்க, பெண் வேடம் புனைந்த இரு ஆண்கள் சலங்கை கட்டிச் சுற்றிச் சுற்றி ஆட, சாமிக்காகத் தன் உடலைக் கீறி ரத்தம் கொடுக்கிற சடங்கையும் அவர்களே செய்கிறார்கள். ஆணும் பெண்ணுமாக மாறி மாறி நிற்கிற அந்த ஆட்டத்தை வேறு தேசத்துக் கலைஞன் ஒருவன் ஓர் அரங்கத்தில் நிகழ்த்தினால் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதும். நம் ஊரிலோ வேடம் கலைத்ததும் கோயில் முற்றத்தின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு முதல் பேருந்தில் ஏறிப் போகிற கணியானை ஊரார் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஒரு முழு இரவு கண் முன்னே ஆடியவனை விடிந்ததும் பார்க்காமலிருக்கப் பழகிப்போனவர்கள் நாம். அ. கா. பெருமாள் போன்ற ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்காக ஊர் ஊராக அலைந்து இந்தக் கலைகளையும், தோல்பாவைக் கூத்து நடத்துகிற குடும்பங்களையும் பதிவு செய்து வைத்திராவிட்டால், இவற்றில் பாதிக்கு எழுத்தில் சாட்சியமே இருந்திராது.

சர்க்கார் நடத்துகிற விழாக்களில் இக்கலைஞர்கள் அழைக்கப்படுவதில்லையென்று சொல்லவில்லை. மந்திரி வரும் வழியில் கால் மணி நேரம் மகுடம் கொட்ட நிறுத்திவைத்து, அவர் காரிலிருந்து இறங்கி மேடையேறியதும் போதும் என்று அமர்த்திவிடுகிறார்கள். அப்படியொரு கால் மணி நேரத்துக்கு அண்ணாவியின் ஒரு முழு இரவுக் கதை எப்படிச் சுருங்கும்? கன்னியாகுமரிக்கு வந்து கடலைப் பார்த்துத் திரும்புகிற லட்சோப லட்சம் யாத்திரிகர்களுக்காக இந்த மாவட்டத்தில் இரண்டாண்டுக்கொரு முறை ஒரு கலைவிழா நடத்தலாம் என்றும், அதில் எந்தக் குழு எத்தனை நேரம் ஆடுவது, என்ன கூலி, விளக்கப் பலகையில் என்ன எழுதுவது என்பதைக் கணியான்களும், பாவைக்கூத்துக்காரரும், திருநங்கையரும், கடலோரத்து மீனவரும் அடங்கிய குழுவே தீர்மானிக்கலாம் என்றும் நான் யோசித்ததுண்டு. அதற்குப் பணமும் காலமும் வேண்டும்.

பணமும் காலமும் வேண்டாத ஒரு காரியம் இந்தப் பங்குனியிலேயே செய்யத்தக்கதாக இருக்கிறது. கொடைக்கு அச்சிடுகிற நோட்டீஸில் வரி கொடுத்தவர், அன்னதானம் செய்தவர், மின்விளக்கு அலங்காரம் ஏற்றவர் என்று எல்லாருடைய பெயரும் பட்டம் பதவிகளோடு இடம்பெறுகின்றன. கூத்து நடக்கும் நாளில் மட்டும் பல நோட்டீஸ்களில் ‘இரவு கணியான் கூத்து’ என்ற ஒரு வரியோடு நின்றுவிடுகிறார்கள். கோயில் கமிட்டியார் அந்த வரிக்குக் கீழே அண்ணாவியின் பெயரையும், மகுடம் வாசிக்கிற இருவரின் பெயரையும், ஆடுகிற இருவரின் பெயரையும் அச்சிடட்டும். பேசிய தொகையைப் பந்தல்காரருக்குக் கொடுப்பது போல முன்பணமாகவே கொடுக்கட்டும். பொழுது விடிந்ததும் ஊராரோடு ஒரே பந்தியில் அவர்களுக்கும் இலை போடட்டும்.